குண்டனி நாடு செல்லாது

ஒரு நிரலில் கணக்குப் போடும் பகுதியை எழுதுவதைவிட, திரையில் அது மனிதரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கும். கூட வேலை செய்தவர்கள் அதைக் கடைசி நாளில், டீக்குப் போகும் முன் முடித்துவிடுவார்கள். நான் ஒவ்வொரு செய்தியையும் தனித்தாளில் எழுதி, அகராதியைப் புரட்டி, நீளம் பார்த்து வெட்டுவேன். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தும், கொல்லிமலைக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த நிரலில் ஒற்றைச் சொல் ஒரு நாட்டையே கோபித்துக்கொள்ள வைத்தது.

அமெரிக்காவில் கம்பெனிகள் வரிசையாகச் சரிந்துகொண்டிருந்த சமயம் அது. செய்தித்தாளைப் பிரித்தால் வேலை போனவர்களின் கதைகள்தான். சேலத்தில் இருந்த எங்கள் சிறிய அலுவலகத்துக்கும் வெளிநாட்டு வேலைகள் நின்றுபோயின. அப்போதுதான் மிளகு விவசாயிகளின் சங்கம் ஒன்றுக்கு, மலைமேல் ஒரு தகவல் மையம் அமைக்கும் வேலை வந்தது. சங்கத்தின் கிடங்கை ஒட்டிய ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன். காலையில் கீழ்நாட்டுச் சந்தையில் மிளகும் மரவள்ளியும் என்ன விலை, மழை வருமா, பரீட்சை முடிவு என்ன என்பதை மலைக்காரர்கள் கீழே இறங்காமலே தெரிந்துகொள்ளலாம். பெரிய கம்பெனிகள் விழுகிற நேரத்தில் இது சின்ன வேலைதான். ஆனால் எழுதிய நிரலைப் பயன்படுத்தப்போகிறவரின் முகத்தைப் பார்க்கிற வாய்ப்பு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. ஆசையாகவே செய்தேன்.

மையத்தை நடத்த, மலையிலேயே பிறந்து, கல்யாணத்துக்கு முன் திருப்பூர் பனியன் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்த ஒரு பெண்ணை நியமித்தார்கள். பன்னிரண்டாவது படித்தவர். விசைகளின் மேல் தமிழெழுத்துகளைச் சின்னச் சின்னக் காகிதத்தில் எழுதி அவரே ஒட்டிவைத்திருந்தார். ஒரு நிபந்தனையும் இருந்தது. மிளகு அறுவடை முடிவதற்குள் மையத்துக்குப் போதுமான ஆட்கள் வந்து போக வேண்டும். இல்லையென்றால் மையத்துக்குப் பணம் போட்ட தொண்டு நிறுவனத்தார் கம்ப்யூட்டரை அடிவாரத்து ஊர் ஒன்றுக்கு இறக்கிவிடுவார்கள்.

"இறக்கிட்டாங்கன்னா நான் மறுபடியும் திருப்பூர்தானுங்க சார்" என்று அவர் முதல் நாளே என்னிடம் சொன்னார். "பழைய சூப்பர்வைசர் இடம் காலியா இருக்குதுன்னு சொல்லியனுப்பிட்டாரு. ஆனா புள்ளைய இங்க உட்டுப்போட்டு ஹாஸ்டல்ல போய் இருக்கோணும். அவளுக்கு அஞ்சு வயசுதானுங்க ஆவுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தை பிறந்து, மிளகு பறிக்கத் தொடங்கியதும் கூட்டம் நன்றாகவே வந்தது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவரிடமிருந்து போன்.

"சார், சந்தை முடிஞ்சதுலருந்து ஒருத்தரும் வரலீங்க."

"லைன் போச்சாம்மா?"

"லைன் இருக்குதுங்க."

"மெஷின்?"

"மெசினு நல்லாத்தானுங்க இருக்குது. மனுசங்கதான் கோவமா இருக்காங்க. குண்டனி நாடு செல்லாதுன்னு உங்க கம்ப்யூட்டரு சொல்லிப்போட்டுதுங்களாமா."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. விலை கேட்பவர் முதலில் தம் நாட்டின் பெயரைக் கொடுக்க வேண்டும். மலையில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த பகுதி. யாரைக் கேட்டாலும் ஊருக்கு முன்னால் நாட்டைத்தான் சொல்வார்கள். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் திரையில் காட்ட 'இன்வேலிட்' என்பதற்கு நான் தேர்ந்தெடுத்த தமிழ், 'செல்லாது'. அகராதியில் சரியான சொல். நாலே எழுத்து, அதிலும் ஒன்று மெய்யெழுத்து. பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

மறுநாள் பஸ் பிடித்தேன். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து மேலே இறங்கியதும் டீக்கடையில் நின்றேன். நான் யாரென்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ஏனுங்க சார், செல்லாத ஊருக்கு பஸ்ஸு மட்டும் எப்படீங்க வருது?" என்றார் ஒருவர், டம்ளரை வைத்தபடி.

"ஓட்டுக் கேக்கறப்ப மட்டும் செல்லும்போல" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"எங்க திருப்புலி நாட்டை அது ஒண்ணும் சொல்லலையே" என்று பெஞ்சின் மறுமுனையிலிருந்து ஒரு குரல். "செல்லாத நாட்டுல இனிமே பொண்ணு எடுக்கலாமான்னு பேசிக்கிட்டிருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அறுபது வயதிருக்கும். தோளில் துண்டு, விரல் நுனிகளில் மிளகுக் கறை. அவர்தான் அந்தக் குண்டனி நாட்டுக்காரர் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

நடந்ததை மையத்துப் பெண் சொன்னார். வழக்கமாக அவரே பட்டியலைத் திறந்து, நாட்டின் பெயரைச் சுட்டிக் காட்டித் தேர்ந்தெடுத்துவிடுவார். அதனால் ஒருநாளும் பிரச்சனை வந்ததில்லை. இந்தப் பெரியவர் ஒரு மாதமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து விசைகளைப் பார்த்துப் பழகியவர். சந்தையன்று கூட்டம் சுற்றி நிற்க, "நகரு அம்மிணி, இன்னைக்கு நானே அடிக்கறேன்" என்று உட்கார்ந்திருக்கிறார். ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி, தன் நாட்டின் பெயரை முழுசாக அடித்து முடித்திருக்கிறார். வாழ்க்கையில் அவர் கம்ப்யூட்டரில் எழுதிய முதல் வார்த்தை. அதற்குத்தான் திரை பெட்டி போட்டுச் சொன்னது: செல்லாது.

அவர் அடித்தது 'குண்டனிநாடு'. பட்டியலில் இருந்தது 'குண்டனி நாடு'. நடுவில் ஓர் இடைவெளி. நமக்கு அது ஒன்றுமில்லாத இடம். கம்ப்யூட்டருக்கு அதுவும் ஓர் எழுத்து. மலையில் அந்தப் பெயரை யாரும் இடைவெளி விட்டுச் சொல்வதில்லை. ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். அவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, டீக்கடையில் கிண்டல் செய்த திருப்புலி நாட்டுக்காரரை மையத்துக்குக் கூப்பிட்டு, அவர் நாட்டை அவர் வாயால் சொல்லச் சொன்னேன். பெருமையாக, ஒரே மூச்சில் சொன்னார். அதை அப்படியே அடித்தேன்.

செல்லாது.

"அட!" என்றார். சன்னல் வழியாக எட்டிப் பார்த்த யாரோ, "திருப்புலியும் போச்சுடோய்!" என்று கத்த, டீக்கடை வரை சிரிப்பு போனது. அந்தச் சிரிப்பில் கோபம் பாதி கரைந்தது என்று நினைக்கிறேன். ஆனால் பெரியவர் வரவில்லை. அவர் வராமல் குண்டனி நாட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்றார் அந்தப் பெண்.

இடைவெளியைப் பொருட்படுத்தாமல் பெயர்களை ஒப்பிடும்படி மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சொற்களைத் திருத்தத்தான் இரண்டு பகல் ஆனது. நான் ஒவ்வொரு செய்தியாகத் திரையில் வரவழைத்தேன். மையத்துப் பெண் வாய்விட்டுப் படித்தார்.

"'பெயரை உள்ளிடு.' இது பண்ணையத்து ஆளுக்காரனை அதட்டற மாதிரி இருக்குதுங்க சார்."

"எல்லா நிரல்லயும் அப்படித்தான்மா எழுதுவாங்க."

"எழுதட்டுங்க. இங்க நாங்க கன்னுக்குட்டியைக்கூட 'வா சாமி'ன்னுதான் கூப்புடுவோம். அறுவது வயசுக்காரரைப் பாத்து 'உள்ளிடு'ங்கலாமுங்களா?"

"'உள்ளிடவும்'னு போட்டா?"

"அது ஆபீசு போர்டுங்க. 'வரிசையில் நிற்கவும்' மாதிரி."

'எழுதுங்க' என்று போடலாம் என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. 'ங்க' போட்டு எழுதினால் அது பேச்சுத் தமிழாகிவிடும், நாளை வேறு மாவட்டத்துக்குப் போனால் சிரிப்பார்கள் என்றேன். வேறு மாவட்டத்துக்குப் போகிறபோது மாற்றிக்கொள்ளுங்கள், இப்போது இது கொல்லிமலையில்தானே இருக்கிறது என்றார் அவர். 'எழுதுங்கள்' என்பதில் இருவரும் சமாதானமானோம். 'பிழை' என்ற சொல்லை மொத்தமாக எடுத்தோம். 'தவறு' என்பதையும்.

'செல்லாது' மட்டும் பாக்கி. கிழிந்த நோட்டுக்கும் கெட்டுப்போன ஓட்டுக்கும் சொல்கிற சொல்லை ஓர் ஊருக்குச் சொல்லக் கூடாது என்பது தெளிவு. அதற்குப் பதில் என்ன? யோசித்தால், உண்மையில் நடப்பது என்ன? மனிதர் ஒரு பெயரைச் சொல்கிறார். நிரலுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. தெரியாதது நிரலுக்குத்தானே ஒழிய, பெயரில் ஒரு குறையும் இல்லை. இத்தனை வருஷம் இதை எல்லா நிரல்களிலும் தலைகீழாக எழுதிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. 'இந்தப் பெயர் எனக்குத் தெரியவில்லை' என்று எழுதினேன். ஒரு கம்ப்யூட்டர் 'எனக்கு' என்று சொல்லலாமா என்ற தயக்கம் இருந்தது. அவர் படித்துப் பார்த்துவிட்டு, "கடைசியில ஒரே ஒரு 'ங்க' மட்டும் போட்டுக்கலாமுங்க சார். இந்த ஒரு எடத்துல" என்றார்.

போட்டேன்.

அடுத்த சந்தையன்றும் மலையில் இருந்தேன். பெரியவரை அழைக்க அந்தப் பெண்ணே டீக்கடைக்குப் போனார். நான் டீக்கடை வாசலில் நின்றுகொண்டேன்.

"நான் எதுக்கு வரோணும் அம்மிணி? அதுதான் செல்லாதுன்னு சொல்லியாச்சே."

"அது தெரியாமச் சொல்லிடுச்சுங்க மாமா. இப்பத் தெரியாதுன்னு அதுவே ஒத்துக்குது. வந்து பாருங்க."

"ஒத்துக்குதா? வாயிலயா?"

"எழுத்துலயே எழுதிக் குடுக்குதுங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். அறைக்குள் இடம் போதவில்லை. உட்கார்ந்து, அதே ஒற்றை விரலால், அதே பெயரை அதே மாதிரி சேர்த்து அடித்தார். மிளகு விலை வந்தது. அவர் விலையைப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வேண்டுமென்றே தன் பேத்தியின் செல்லப்பெயரை நாட்டின் பெயராக அடித்தார்.

'இந்தப் பெயர் எனக்குத் தெரியவில்லைங்க. வேறு மாதிரி எழுதிப் பாருங்கள்.'

எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தார். 'ங்க' வந்த இடத்தில் நிறுத்தி, திரும்பி எங்களைப் பார்த்தார்.

"பரவால்லீங்க" என்றார், கம்ப்யூட்டரிடம். "போகப் போகப் பழகிக்குவீங்க." பிறகு அந்தப் பெண்ணிடம், "இப்ப அந்த வெலையைக் காட்டு கண்ணு. மூட்டையை இன்னைக்கு எறக்கலாமா, பொறுத்துப் பாக்கலாமா?"

அன்று சாயங்காலம் வரை குண்டனி நாட்டுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பாதிப்பேர் விலை கேட்க வந்தவர்கள். மீதிப்பேர் அது தெரியாது என்று ஒத்துக்கொள்வதைப் பார்க்க வந்தவர்கள்.

அறுவடை முடிகிற சமயம், பணம் போட்டவர்களின் தரப்பிலிருந்து ஒரு மேலாளர் மலையேறிப் பார்த்தார். திரையில் இருக்கும் தமிழ் அலுவலகத் தரத்தில் இல்லை என்று குறிப்பு எழுதினாராம். அவர் எழுதி முடிக்கக் காத்திருந்த மலைக்காரர்கள், அவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, அவரைத் தாண்டி விலை கேட்டார்களாம். பங்குனியில் எனக்கு போன் வந்தது.

"சார், மையம் இங்கயேதானுங்க. வந்துபோன ஆளுக் கணக்கு போதும்னு அடுத்த அறுவடை வரைக்கும் எழுதிக் குடுத்துட்டாங்க." உடனே தொடர்ந்தார். "திருப்பூருக்கு வரலைன்னு சொல்லிட்டேனுங்க. பாப்பாவை இங்கயே ஒண்ணாவதுல சேத்தறேன்."

"ரொம்ப சந்தோசம்மா."

"அப்புறம் ஒண்ணுங்க சார். பெரக்கரை நாட்டுக்காரங்க நாலு பேரு வந்து உக்காந்திருக்காங்க. குச்சிக்கிழங்கு வெலை கேக்கறாங்க. அடிச்சா, தெரியலைங்கன்னு சொல்லுது. அதுல மரவள்ளின்னுதானே போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"இங்க யாருங்க மரவள்ளிங்கறாங்க? எப்பச் சேத்துவீங்கன்னு கேட்டுச் சொல்லச் சொன்னாங்க. காத்துட்டிருக்கறாங்களாமா."

இருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, ரிசீவரை மேசைமேல் வைத்தேன். பட்டியலைத் திறந்தேன்.