லத்தீபாவின் மூலிகைப் பாத்தி

1958இல் எங்கள் கடற்கரை ஊர்ப் பெண்கள் பள்ளியில் எட்டாவதுக்கு மேல் வகுப்பு கிடையாது. மேலே படிக்க ராமநாதபுரம் விடுதிக்குப் போக வேண்டும். என் கூடப் படித்த லத்தீபாவுக்குப் போக ஆசை. எனக்கும்தான், என்னை யார் கேட்டார்கள்? அவள் வாப்பா சீனி முகம்மது கறாராகச் சொல்லிவிட்டார்: விஞ்ஞானக் கண்காட்சியில் பரிசு வாங்கினால் விடுதி, இல்லாவிட்டால் வீடு.

இருவரும் பள்ளிக்குப் பின்னால் மூலிகைப் பாத்தி போட்டோம். பள்ளிக் கிணறு உப்பு. தர்கா கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்தோம். நான்தான் அதிகம் சுமந்தேன், சொன்னால் லத்தீபா ஒப்புக்கொள்ள மாட்டாள். தூதுவளை சளிக்கு, கீழாநெல்லி காமாலைக்கு, ஆடாதொடை இருமலுக்கு என்று அட்டையில் எழுதிக் குச்சியில் கட்டினாள்.

இதற்கிடையில் அவள் உம்மா மெஹருன்னிசா, மகளுக்காகத் தர்காவுக்கு ஒரு கடாவை நேர்ந்துவிட்டார். நேர்ந்துவிட்ட கடா, தர்காவில் கந்தூரி விழா வரும் வரைக்கும் இஷ்டப்படி மேயும். அடிக்கக் கூடாது, விரட்டவும் கூடாது. கண்காட்சியன்று காலை அது எங்கள் பாத்திக்கு வந்தது. நாங்களும் தலைமை ஆசிரியையும் மரியாதையாக நின்று பார்த்தோம். தூதுவளையை முள்ளோடு தின்றது. கீழாநெல்லியை அட்டையோடு தின்றது. ஆடாதொடையை மட்டும் முகர்ந்துவிட்டுத் தும்மியது.

பத்து மணிக்குப் பரிசை முடிவு செய்யப் பள்ளி இன்ஸ்பெக்டரம்மா வந்தார். லத்தீபா மிச்சமிருந்த செடியைக் காட்டி, ஆடு தொடாது என்பதால்தான் இந்தப் பெயர், காலையில் சோதித்துப் பார்த்துவிட்டோம் என்றாள். அந்தம்மா சிரிக்கவும் இல்லை, பரிசு தரவும் இல்லை. பரிசு வேறொரு பெண் மெழுகில் செய்த இருதயத்துக்குப் போனது.

சாயங்காலம் நானும் அவள் வீட்டில்தான் இருந்தேன். பரிசு இல்லையா, அப்படியானால் வீட்டோடு இருக்கட்டும் என்றார் வாப்பா. அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"நான் பரிசுக்கு நேரலை. புள்ள மேல படிக்கணும்னுதான் நேர்ந்தேன். கடாவ விட்டாச்சு. இனி அனுப்பாட்டி, நேர்ச்சைக் குத்தம் யாருக்குங்க?"

மறுவாரம் வாப்பா டிரங்குப் பெட்டி வாங்கி வந்தார். லத்தீபா போனாள், படித்தாள், விஞ்ஞான டீச்சரும் ஆனாள்.

என்னைப் பெற்ற அய்யாவிடமும் ஆடுகள் இருந்தன, பதினெட்டு. எனக்காக ஒன்றையும் யாரும் நேர்ந்துவிடவில்லை. நான் எட்டாவதோடு நின்றேன்.