மாரிசெல்வி எடுத்துக் கொடுத்த ஸ்பிரிங்

'மாரிசெல்வி இ., வயது 27. பதவி: உதவியாளர், ஒப்பந்தம். திறன் நிலை: திறனற்றவர். முடிவெடுக்கும் பொறுப்பு: இல்லை.'

ஒரகடத்தில் கார் ஸ்பிரிங் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பதிவேட்டில் இப்படித்தான் இருக்கிறது. முடிவெடுக்கும் பொறுப்பு இல்லாத இந்தப் பெண் ஒரு ஷிஃப்டில் ஆயிரம் முடிவு எடுக்கிறாள். ஸ்பிரிங்கை இயந்திரத்தில் வைத்துக் குறித்த உயரத்துக்கு அமுக்கி, எத்தனை கிலோ தாங்குகிறது என்று பார்த்து, அதற்குரிய நிறத்தில் ஒரு புள்ளி வைப்பாள். தேறாதது சிவப்புத் தொட்டிக்குப் போகும். தொட்டியில் விழுந்ததை மீட்க சூப்பர்வைசராலும் ஆகாது.

கார்களோடு அவளுக்கு வேறு உறவு கிடையாது. ஓட்டத் தெரியாது. ஏறினால் பத்தாவது நிமிஷம் தலை சுற்றும்.

பென்னலூரில் அவள் இருப்பது ஒரு மாடி அறையில். கீழே வீட்டுக்காரர்கள் சிவசங்கரும் ரஞ்சனியும். சிவசங்கரின் அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. அதில் அவனுக்கு வருத்தமில்லை. நெல்லைவிட லாரி அவனுக்குப் பிடிக்கும். வேலை ஒரு கார் கம்பெனி அசெம்பிளி லைனில். ஆறு நாள் கார் பூட்டுகிறவன் ஏழாம் நாள் கார் முகத்தில் விழிக்க மாட்டான் என்று நினைத்தால் நமக்கு மனிதர்களைத் தெரியாது என்று பொருள். மாதம் ஒரு ஞாயிறு தன் பழைய சின்னக் காரை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் ஆசை தீர விரட்டிவிட்டு, அதே காரில் கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவான்.

மற்ற நாட்களில் அந்தக் கார் ரஞ்சனியைக் குன்றத்தூரில் அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குக் கொண்டுவிடும். அவளுக்கு ஆறாம் மாதம். பின் சீட்டில் காலை நீட்டி உட்காருவாள்.

டிராக்கில் பிரேக் அடித்தால் வண்டி மூக்கால் கும்பிடுகிறது என்று சிவசங்கர் ஸ்பிரிங்கை மாற்றினான். பழைய பாகங்கள் விற்கும் கடையில் மஞ்சள் புள்ளி வைத்த குட்டை ஸ்பிரிங் நாலு கிடைத்தது. அவனுடைய லைனில் மஞ்சள் புள்ளி கனமான டீசல் வண்டிக்குப் போகும். ஆகவே மஞ்சள் என்றால் முரடு, முரடு என்றால் வேகம். கார் நாலு விரற்கடை தாழ்ந்து பார்க்க லட்சணமாக நின்றது. பழைய ஸ்பிரிங்கை இரும்புக் கடையில் போட்டுவிட்டான்.

அன்றிலிருந்து வழியில் உள்ள வேகத்தடை எல்லாம் ரஞ்சனியின் இடுப்பில் ஏறியது. டிராக் வளைவிலோ வண்டி தவளை மாதிரி எகிறியது.

"ஏன்யா, இது காரா, உரலா? செக்கப்புக்கு இன்னும் பதினஞ்சு நாள் கீது. அதுக்குள்ள சரி பண்ணு. இல்ல, வண்டிய வித்துடு. நான் ஆட்டோல போய்க்கிறேன்."

"வித்துட்டா டிராக்குக்கு?"

"நீ ஓடு. உடம்பாவது குறையும்."

சிவசங்கர் மாடி ஏறினான். அவன் மனசில் ஒரு கணக்கு இருந்தது: ஆறு கிலோ. அதாவது, ஒரு மில்லிமீட்டர் அமுங்கவே ஆறு கிலோ பாரம் கேட்கும் ஸ்பிரிங். டிராக்கில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். மனைவி கேட்பதோ மெத்தென்று.

"இன்னாமா மாரி, மஞ்சளே இவ்ளோ முரடா கீதே. ஆறு போட்டா அவ வூட்ட வுட்டே துரத்திடுவா."

"மஞ்சள்னா முரடுன்னு யாருண்ணே சொன்னா? உங்க கம்பெனில அப்படி. எங்க கம்பெனில ஒரு மாடலுக்கு மஞ்சள்தான் அதிகம் தாங்கும், இன்னொரு மாடலுக்கு இருக்கதுலயே கம்மி. புள்ளி வைக்கவ நான் சொல்லுதேன்."

காரை ஜாக்கியில் ஏற்றி, கம்பியின் தடிமன், வளையத்தின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை எல்லாம் அளந்து செல்போனில் கணக்குப் போட்டாள்.

"ரெண்டு கிலோண்ணே. பழசும் இவ்வளவுதான் இருந்திருக்கும்."

"அப்போ இன்னாத்துக்கு அடிக்குது?"

மாரிசெல்வி தலைமுடியிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி, ஸ்பிரிங்கின் குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டின் கீழ்நுனியில் மாட்டினாள். வண்டி அமுங்கும்போது அது எவ்வளவு மேலே தள்ளப்படுகிறதோ அவ்வளவு தூரம் அமுங்கியதாக அர்த்தம். குன்றத்தூர் போய்வந்த பிறகு பார்த்தால், உச்சியில் இருக்கும் கறுப்பு ரப்பர் கட்டையில் அது நசுங்கி ஒட்டியிருந்தது.

"ஸ்பிரிங்கு மெத்துதாண்ணே. ஆனா குட்டை. அமுங்க இடமில்ல. நீங்க ஸ்பிரிங்கு மேல போகல, ரப்பர்க் கட்டை மேல போறீங்க."

முரடு என்று ரஞ்சனி திட்டியது மெத்தென்ற ஸ்பிரிங்கைத்தான். அவள் இடுப்பு தப்ப வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் முரடாக, இன்னும் கொஞ்சம் உயரமாகப் போட வேண்டும். இதைக் கர்ப்பிணியிடம் எடுத்துச் சொல்லும் வேலையைச் சிவசங்கர் மாரிசெல்விக்கே விட்டுக்கொடுத்தான்.

எவ்வளவு கொஞ்சம்? அதற்கு எடை தெரிய வேண்டும். மூவரும் லாரி எடைமேடைக்குப் போனார்கள்.

"காலி வண்டிய போட்டா போதாதா?" என்றான் சிவசங்கர்.

"அக்கா காலி வண்டிலயா போறாங்க?"

"என்னை லாரியோட லாரியா நிறுக்கப் போறியா, மாரி?"

"உங்கள இல்லக்கா, பின் சக்கரத்த."

"ரெண்டும் ஒண்ணுன்னு உங்கண்ணன் சிரிக்கிறாரு பாரு."

முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை. மேடைக்காரர் சீட்டு அடிக்கும்போது கேட்டார்: "சரக்கு இன்னாம்மா?"

"குடும்பம்னு போடுப்பா," என்றாள் ரஞ்சனி.

வீட்டு வாசலில் கடைசி வாக்குவாதம்.

"ஆறு வேணாம். ஒரு நாலாவது போடேன்."

"ஷாக்கு பழசுண்ணே. நாலு போட்டா அதால பிடிச்சு நிறுத்த முடியாது, வண்டி குதிச்சுக்கிட்டே இருக்கும். குதிக்கிற டயரு ரோட்டப் பிடிக்காது. முன்னால மூணு. பின்னால ரெண்டரை, அக்கா உக்காருத இடம்."

"பின்னாடி மெத்துனா வளைவுல வண்டி திரும்பாதும்மா."

"டிராக்குக்குப் போற அன்னிக்குப் பின் டயர்ல காத்து ரெண்டு பவுண்டு கூட அடிச்சுக்கிடுங்க, பின்பக்கம் கொஞ்சம் முரடாகி வண்டி திரும்பும். வரும்போது இறக்கிருங்க."

திருமுடிவாக்கத்தில் சொன்ன அளவுக்கு ஸ்பிரிங் சுற்றித் தரும் ஒரு பட்டறை பன்னிரண்டாம் நாள் நாலு ஸ்பிரிங்கையும் கொடுத்தது. கார் பழையபடி உயரவுமில்லை, லட்சணமாகத் தாழவுமில்லை. ரப்பர் பேண்ட் இந்த முறை கட்டைக்கு இரண்டு விரல் கீழேயே நின்றது.

செக்கப்புக்குப் போகும் வழியில் பதினோரு வேகத்தடை. நாலாவதைத் தாண்டும்போது ரஞ்சனி தூங்கிவிட்டாள். எழுந்ததும், "இத முதல்லயே போட்டிருக்கலாமே," என்றாள். அடுத்த ஞாயிறு சிவசங்கர் டிராக்கில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வினாடி குறைத்தான். பிரேக் அடிப்பதில் தனக்கு வந்திருக்கும் பக்குவமே காரணம் என்று நண்பர்களிடம் விளக்கினான். காரை விற்கும் பேச்சு அத்தோடு நின்றது.

மாரிசெல்வி செய்தது இதுதான்: காரை அதில் போகிற ஆட்களோடு சேர்த்து எடை போட்டாள், முன்னால் மூன்று, பின்னால் இரண்டரை என்று எழுதிக் கொடுத்தாள்.