ஜோசியரின் அக்கா

ரத்தப் பரிசோதனைக்கூடத்து டாக்டருக்கு ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பெயர்தான்: ஜோசியர். கிருமித்தொற்று உடம்பெங்கும் பரவிக் கிடப்பவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகுமா என்று ரத்தத்தைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்ல ஒரு கணக்கு வைத்திருந்தார். இதயத் தசை அடிபட்டால் கசிகிற புரதம், தொற்றின் வேகம், பொட்டாசியம் எல்லாம் சேர்ந்து ஒரு மதிப்பெண். "கிளி மட்டும்தான் பாக்கி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

"ரத்தம் எடுத்த குழாயக் குலுக்காதீங்கப்பா, ரத்த அணு உடைஞ்சா பொட்டாசியம் கூடிப்போய்ப் பொய் சொல்லும்!" என்று அவர் கத்திக் கத்தி எல்லோருக்கும் காது புளித்திருந்தது.

அப்பேர்ப்பட்டவரின் அக்காவே சிறுநீர்த் தொற்று முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவில் வந்து படுத்தாள். அவருக்கென்று இருக்கிற ஒரே சொந்தம். அவள் ரத்தம் எடுத்த குழாயை யாரையும் நம்பிக் கொடுக்காமல் கையில் இறுக்கிக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்கு மாடிப்படியில் தடதடவென்று ஓடினார். பொட்டாசியம் எகிறிக் கிடந்தது, மதிப்பெண் உச்சியில். திரும்பவும் ஒரே ஓட்டம்.

"சிஸ்டர், துடிப்பு நிக்கப்போகுது!"

நர்ஸ் திரையைப் பார்த்தாள். கோடு ஒழுங்காகத்தான் ஓடியது. "அக்கா நல்லாத்தான் இருக்காங்க. உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது. ரத்தத்த எப்படி சார் கொண்டுபோனீங்க?"

"ஓடித்தான்..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அட மடையா!

இரண்டாவது குழாயை நர்ஸ் வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினாள். பொட்டாசியம் சரியாக இருந்தது. ஆனால் மற்ற இரண்டும் கூடுதல், மதிப்பெண் இன்னும் ஆபத்தில்தான். இந்தக் கணக்கு குப்பை என்று சொன்னவர்களோடெல்லாம் மல்லுக்கு நின்ற மனுஷன், 'கடவுளே, இது குப்பையாகவே இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டார். வேண்டினாலும், வார்டு டாக்டரிடம் சொல்லி துடிப்பைச் சீராக்கும் மருந்தைப் படுக்கையருகே தயாராக வைக்கச் செய்தார்.

சாயங்காலம் திரையில் கோடு கன்னாபின்னாவென்று துள்ளியது. வார்டு டாக்டர் வந்து மருந்தை ஏற்ற வைத்தார். ஜோசியர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் இடைஞ்சலாக நின்றதுதான் மிச்சம். கொஞ்ச நேரத்தில் துடிப்பு வழிக்கு வந்தது.

அக்கா கண் திறந்தாள். "நீ சொன்னபடியே ஆச்சாமே, சிஸ்டர் சொன்னாங்க. அப்புறம் ஏன்டா அழற?"

"என் கணக்கு தப்பாப் போகணும்னு வேண்டிக்கிட்டேன்க்கா."

"நீ வேண்டி எதுடா நடந்திருக்கு?"

ஜோசியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். அவள் நாடியைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.