மாடிப் பெயர் சொல்லி ஏறியவர்

உலகத்தில் அவரைப் போல ஏறி இறங்கியவரும் கிடையாது. அவரைப் போல நடக்காதவரும் கிடையாது. பெரிய அலுவலகக் கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். காலையில் முக்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். "ரெண்டாவது மாடி, கணக்குப் பிரிவு! மூணாவது மாடி, வக்கீல் ஆபீஸ்!" என்று கூவிக் கூவி வாய்தான் தேய்ந்தது. கால்களுக்குப் பல வருஷமாக விடுமுறை.

மத்தியானத்தில் கூட்டம் குறைந்தால் அந்தப் பெட்டிக்குள்ளேயே கண் சொருகும். கனவில் லிஃப்ட் மொட்டை மாடியையும் தாண்டி மேலே மேலே போகும். கதவைத் திறந்தால் ஒரே மேகம், நடுவில் அண்ணன். அவரும் இதே லிஃப்டை ஓட்டியவர்தான். இதே முக்காலியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து போனார். "வந்துட்டியா, இறங்குடா" என்று சிரிப்பார். இவருக்கும் இப்போது அண்ணன் போன வயது. விழித்துக்கொண்டால் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்வார். கடைசியில் டாக்டரிடமே போனார்.

டாக்டர் எல்லாச் சோதனையும் செய்தார். "இதயம் இப்போதைக்கு நல்லா இருக்கு. ரத்த அழுத்தமும் கொழுப்பும்தான் கூட. சிகரெட்டை விடுங்க, உப்பைக் குறைங்க, தினமும் நடங்க. படி ஏறலாம், ஆனா பேசிக்கிட்டே ஏற முடியணும். மூச்சு வாங்கினா நின்னுடுங்க. நெஞ்சு வலிச்சா உடனே வாங்க."

சிகரெட் லேசில் விடவில்லை. இரண்டு முறை விட்டு, இரண்டு முறையும் திருட்டுத்தனமாகப் பிடித்து, மூன்றாவது முறைதான் விட்டார். சாப்பாடு சப்பென்று இருந்தது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று முனகினார்.

"உப்பை அள்ளிப் போட்டா ஆளு ஆஸ்பத்திரியிலே. பேசாம சாப்பிடுங்க" என்றார் வீட்டம்மா.

குடியிருப்பது ஐந்தாவது மாடி. இனி அங்கே லிஃப்டில் கால் வைப்பதில்லை என்று முடிவெடுத்தார். சரி, தனியாகப் படியேறுகிற மனுஷன் யாரோடு பேசுவது? பழக்கதோஷம், வாய் தானாகவே "ரெண்டாவது மாடி, கணக்குப் பிரிவு!" என்றது. இரண்டாவது மாடிக்காரர் எட்டிப் பார்த்து, "உள்ளே வாங்க, என் பையனுக்குக் கணக்குதான் வரமாட்டேங்குது" என்றார். கட்டிடமே சிரித்தது.

வீட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலமானால் கதவைத் திறந்து வைத்து, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். குரல் மாடி மாடியாக ஏறி வர வர, அவருக்குப் போன உயிர் திரும்பி வரும்.

ஒருநாள் இரண்டாவது மாடிக் குரல் வந்தது. மூன்றாவது வரவில்லை. வீட்டம்மா செருப்புக்கூடப் போடாமல் படியில் ஓடினார். மூன்றாவது மாடியில் லிஃப்ட்காரர் குத்துக்கல்லாட்டம் நின்று, உதட்டில் விரல் வைத்துக்கொண்டிருந்தார். எதிரே வாசலில், புதிதாகப் பிள்ளை பெற்றவள் ஒருத்தி.

"பாப்பா இப்பத்தான் தூங்குதாம்" என்று கிசுகிசுத்தார்.

வீட்டம்மா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். திட்ட வாயைத் திறந்தார், மூச்சுதான் வாங்கியது. இரண்டே மாடி, அதுவும் இறக்கம். நெற்றியெல்லாம் வேர்வை. லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் எல்லாரும் தன் நெஞ்சைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள்! வீட்டம்மாவைப் படியில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூச்சு திரும்பியதும் வீட்டம்மா சொன்ன முதல் வார்த்தை: "பாப்பா முழிச்சா மறுபடி தூங்க வெச்சுக்கலாம். நீங்க சத்தமில்லாம வராதீங்க."

மறுநாளே வீட்டம்மாவையும் டாக்டரிடம் கூட்டிப் போனார். நல்லவேளை, மாத்திரையும் நடையும் போதும் என்று ஆயிற்று. இப்போதெல்லாம் சாயங்காலம் வீட்டம்மா கீழே வந்து காத்திருப்பார். இருவரும் மெதுவாக ஏறுவார்கள். மாடிப் பெயர் சொல்வது இப்போது வீட்டம்மா முறை. "மூணாவது மாடி... பாப்பா வீடு" என்பார். லிஃப்ட்காரர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே வருவார்.

மத்தியானக் கனவில் அண்ணன் இன்னும் வருகிறார். "இறங்குடா" என்கிறார்.

"இல்லண்ணே. சாயங்காலம் அவ மாடிப் பேர் சொல்லுவா, நான் கேட்கணும்" என்று சொல்லிவிட்டு, இவர் கதவைச் சாத்திக் கீழே இறக்குகிறார்.