ஆத்தாளுக்குப் பிடித்த பிள்ளை

அறுபதுகளில், தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் அக்கா அம்மை போட்டுக் கிடந்தாள். அம்மா அழுதபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதட்டினாள்: "அழாதட்டி. பிடிச்ச பிள்ளையத்தான் ஆத்தா தேடி வருவா."

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா கோவில் பக்கமே போகாதவள். வெள்ளி தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டவள் நான். அவளையே தேடி வந்தவள் என்னை விடுவாளா? விடிந்ததும் கையைத் தடவிப் பார்த்து, "என்னைப் பிடிக்க வேண்டாம், தாயே" என்று வேண்டிக்கொள்வேன். முனிசிபாலிட்டிக்காரர்கள் அம்மை குத்த வந்தார்கள். ஆத்தா கோவிப்பாள் என்று அம்மா தடுத்தும் கேளாமல் கையை நீட்டினேன்.

பதினோராம் நாள் அக்கா போய்விட்டாள். எனக்கு ஒரு கொப்புளமும் வரவில்லை.

பெரியம்மா என் கன்னத்தை வருடினாள். "பாத்தியாட்டி, ஆத்தாளுக்கு ஒன் மேலதான் பிரியம்."

அந்தக் கையைக் கடித்துவிட்டேன்.