தலை குனிந்த போட்டோ

முகம் வரைவதுதான் என் பிழைப்பு. மலை, ஆறு, மாடு கன்று எல்லாம் எனக்கு வராது, முயன்றதும் இல்லை. மதராஸில் ஜட்ஜுகள், ஜமீன்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று பத்து வருஷம் ஓடிற்று. பிறகு ஒரு ராஜா தம் படத்தை வரைய என்னைக் கப்பலில் லண்டனுக்கு அழைத்துப் போனார். அவர் ஆறு மாதத்தில் திரும்பிவிட்டார், நான் தங்கிவிட்டேன். அங்கே துரைசானிகள் ஒருத்தி சொல்லி ஒருத்தி வந்து உட்கார்ந்தார்கள்.

தொழில் ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. யாரையும் இருக்கிறபடி வரையக் கூடாது. கழுத்தைக் கொஞ்சம் நீட்ட வேண்டும், மோவாய்ச் சதையை நிழலுக்குள் தள்ள வேண்டும், தழும்பு என்பது கண்ணிலேயே படக் கூடாது. ஆனால் பார்க்கிறவர்கள் 'அச்சு அவரேதான்' என்று சொல்ல வேண்டும். இதில் நான் கெட்டிக்காரன், சும்மா சொல்லக் கூடாது. பத்து வயசு குறைத்துக் காட்டினால் மதராஸ் பாரிஸ்டர் மனைவியும் லண்டன் பிரபு மனைவியும் ஒரே மாதிரிதான் பல்லைக் காட்டினார்கள்.

விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் என் வீடு. மனைவி திண்டிவனத்துக்காரி. நான் கப்பல் ஏறும்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் வரையறீங்க, என்னை ஒரு தபா வரையக் கூடாதா?" என்று மனைவி கேட்டாள்.

"வந்து வரையறேன். நீ எங்க போயிடப் போறே?" என்றேன்.

இரண்டு வருஷத்தில் திரும்புவதாகப் பேச்சு. ஜெர்மன்காரனோடு சண்டை வந்துவிட்டது, கப்பல் கிடைக்கவில்லை என்று பின்னால் எல்லோரிடமும் சொன்னேன். கப்பல் கிடைக்காதது நிஜம். சண்டைக்கு முந்தின வருஷம் கப்பல்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன என்பதும் நிஜம்.

அவள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று அவளுடைய அண்ணன் எழுதிய கடிதம் நாலு மாதம் கழித்து என் கைக்கு வந்தது. அப்போது ஒரு சீமாட்டியின் முத்துமாலையை வரைந்துகொண்டிருந்தேன். படித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இன்னும் பதினோரு முத்து பாக்கி இருந்தது, முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அழுகை வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உள்ளே. அப்புறம் அது தெளியவும் இல்லை.

சண்டை முடிந்த மறு வருஷம் ஊர் வந்து, நேரே திண்டிவனம் போனேன். மச்சான் அங்கே மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம், வைத்திருந்தார். நான் கப்பல் ஏறியதும் மனைவி குழந்தையோடு அவர் வீட்டுக்கே போய்விட்டாள்; மகள் அங்கேதான் வளர்ந்தாள். பத்து வயசு. "உங்க நைனா வந்துகிறாரு பாரு" என்று அவளை என் முன்னால் தள்ளிவிட்டார். அவள் என்னை யாரோ வேற்றாளைப் போலப் பார்த்தாள். அவள்மேல் தப்பில்லை, நானும் அப்படித்தான் பார்த்தேன்.

அவள் கையில் எங்கள் கல்யாணப் போட்டோ இருந்தது. என் மனைவியை எடுத்த ஒரே படம் அதுதான். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு நேராக முறைக்கிறேன். அவள் தலை குனிந்திருக்கிறாள். கல்யாணப் பெண் நிமிர்ந்து பார்த்தால் ஊர் சிரிக்கும் என்று இருந்த காலம். "கொஞ்சம் நிமிரும்மா" என்று ஸ்டூடியோக்காரர் கெஞ்சினார். பக்கத்தில் நின்ற பெண்கள் விடவில்லை. வகிடும் நெற்றிச்சுட்டியும் மூக்குத்தியின் நுனியும்தான் படத்தில் விழுந்தன.

மகள் அந்தப் போட்டோவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா பண்றே?" என்றேன்.

"கீழருந்து பாத்தா மொகம் தெரியுமான்னு பாக்கறேன்." கையை இறக்கினாள். "எனக்கு அம்மா மொகம் மறந்து மறந்து போவுது. காலைல எழுந்தா இருக்குது, வெளையாடிட்டு வந்தா இல்ல. நீங்க படம் வரையறவராமே?"

மச்சான் அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமா மாப்ள, சீமைல யார் யாரையோ வரைஞ்சீங்க. திதி வருது, எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஒரு படம் வேணாமா?"

விழுப்புரம் போய்த் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, எதிரே உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் எவளோ ஒரு சீமாட்டியின் மூக்கு வருகிறது, ஒரு ஜட்ஜு மனைவியின் வாய் வருகிறது. நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள். சோறு போட்ட கை ஞாபகம் இருந்தது. அடுப்படியில் குனிந்த முதுகு ஞாபகம் இருந்தது. முகத்தை மட்டும் நான் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து வெள்ளைத் துணியோடு ரயிலேறித் திண்டிவனத்துக்கே போய், வரவில்லை என்று மச்சானிடம் சொன்னேன்.

"அதுக்கு ஏன் பேஜாராவறீங்க? சின்னவள உக்கார வெச்சிகினு வரைங்க. அக்காளும் தங்கச்சியும் ஒரே அச்சுதானே" என்றார் அவர்.

சின்னவள் என் மனைவியின் தங்கை, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். நாலு நாள் காலையில் வந்து உட்கார்ந்தாள். நான் வழக்கப்படி வரைந்தேன். முடிந்ததும் மச்சான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே என் தங்கச்சிதான்" என்றார். சின்னவளும் அழுதாள்.

மகள் பார்த்தாள். "இது சித்தி" என்றாள்.

"ஏய், நல்லா பாரு!" என்று மச்சான் அதட்டினார்.

"சித்திதான். சித்தியப் பொம்ம மாரி பண்ணிகிறாரு."

என் படத்தைப் பற்றி அவ்வளவு சரியாக இரண்டு தேசத்திலும் யாரும் சொன்னதில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அப்ப நீயே சொல்லு, உங்கம்மா எப்படித்தான் இருந்தா?" என்று கத்தினேன்.

அவள் பயப்படவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். இடது கண் கொஞ்சம் சின்னதாக இருக்கும், வெயிலில் பார்க்கிற மாதிரி. புருவத்தில் ஒரு வெட்டு, மாடு முட்டினது. நான் இருந்தபோது அந்த வெட்டு கிடையாது. "முன்னாடிப் பல்லு ஒண்ணு போயிட்ச்சி. அதனால வாய மூடிகினேதான் சிரிக்கும்." காதோரம் நரை. சாகும்போது அவளுக்கு முப்பதுதான் ஆகியிருக்கும்.

எதையெல்லாம் அழித்துப் பேர் வாங்கினேனோ அதையெல்லாம் எடுத்து வைத்தேன். பழக்கத்தில் கை அந்தக் கண்ணைப் பெரிதாக்கப் போகும். "ஐய, அப்டி இல்ல" என்று மகள் தடுப்பாள். எட்டு நாள் இப்படிப் போயிற்று.

ஒன்பதாம் நாள் அவள் என் கையைத் தடுக்கவில்லை. படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு தெருவுக்கு விளையாடப் போனாள். வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்து மறுபடியும் பார்த்தாள்.

"இருக்குது" என்றாள்.

மச்சான் பார்த்தார். இந்தத் தடவை பாராட்டவில்லை; துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எதிர்வீட்டு அம்மாள் ஒருத்தி படத்தைப் பார்த்த நிமிஷமே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குத்தான் அந்தப் பெண்ணைத் தெரியவில்லை. நரையும் வெட்டுமாக, வாயை மூடிச் சிரிக்கிற அவள் யாரோ. வழியில் எதிர்ப்பட்டிருந்தால் ஒதுங்கி வழிவிட்டிருப்பேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

திதி முடிந்து நான் கிளம்பியபோது மகள் ஸ்டேஷன் வரை வந்தாள். வண்டி வந்ததும் கல்யாணப் போட்டோவை நீட்டினாள். "இத்த நீங்க வெச்சிக்கங்க, நைனா. எனக்குத்தான் அம்மா கீதே."

அன்றுதான் முதல் முறையாக நைனா என்றாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

வண்டி நகர்ந்தது. எதிரே ஒருவர் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். நான் போட்டோவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தேன்.

"யாரு சாமி அது?" என்றார் அவர்.

"என் சம்சாரம்" என்றேன். விழுப்புரம் வரைக்கும் கையை இறக்கவில்லை.