ஒரே ஞாயிறு, இரண்டு கல்யாணம், பதில் இல்லாத குழுக்கள்

வெப்சைட் செய்கிறவனுக்கு வேலையில் பாதி, தன் கோளாறுக்குப் பதில் தெரிந்த ஆளைத் தேடுவது. என்னைப் போல் பாயா ரும்புட் மாதிரி ஊரில், வீட்டில் தனியாக உட்கார்ந்து இதைச் செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு மாப்பிள்ளை

நியாலாஸில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் சுப்பையா மாமாவுக்கு நான்தான் வெப்சைட் செய்து கொடுத்தேன். ஒரு வீட்டார் அதில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிந்தார்கள். அது சனிக்கிழமை என்று ஏறிவிட்டது. ஞாயிறு காலியாகத் தெரியவே, போனில் கேட்ட இன்னொரு வீட்டாருக்கு மாமா அதைக் கொடுத்துவிட்டார். இரு வீட்டாரும் பத்திரிகை அடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாமா போனில் நிதானமாகத்தான் பேசினார்: "தம்பி, ரெண்டு மாப்பிள்ளையும் ஒரே மேடையில உக்கார முடியாதுலா."

பெரிய குழு

நம் ஊர் வெப் டெவலப்பர்களுக்கென்று பெரிய சாட் குழு ஒன்று இருக்கிறது. கேள்வியைப் போட்டுவிட்டு மேலே தள்ளிப் பார்த்தேன். தீபாவளி வாழ்த்து, வீடு வாடகைக்கு, அதற்கும் மேலே போன வருஷத்துத் தீபாவளி வாழ்த்து. மறுநாள் ஒரு பதில் வந்தது. குழுவை ஆரம்பித்தவரே எழுதியிருந்தார்: "இந்த குரூப் இன்னும் இருக்கா புரோ? மூடிட்டேன்னு நெனச்சேன்."

வெளிநாட்டு ஃபோரம்

அடுத்துப் போன இந்தக் கேள்வி-பதில் தளத்தில் ஆட்கள் தூங்குவதே இல்லை. கேட்ட சூட்டோடு, யாரும் பதில் எழுத முடியாதபடி என் கேள்வியை மூடிவிட்டார்கள். ஏற்கெனவே யாரோ கேட்டதாம். அவர்கள் காட்டிய பழைய கேள்விக்குப் போனால் அதுவும் மூடியிருந்தது, அதைவிடப் பழையதைக் காட்டி. அங்கேயும் போனேன். என் கோளாறேதான். எப்படிச் சரிசெய்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டு, கேட்டவனே கடைசியில் எழுதியிருந்தான்: "சரியாகிவிட்டது, நன்றி."

உயிருள்ள குழு

கோலாலம்பூர் பையன்கள் நடத்தும் குழுவில் பதில்கள் மளமளவென்று வந்தன. நான் எழுதிய கம்ப்யூட்டர் மொழி செத்துவிட்டது என்றார் ஒருவர். அது சாகவில்லை, என்னைப் போன்றவர்கள்தான் கொல்கிறோம் என்றார் இன்னொருவர். சாயங்காலம் வரை அடித்துக்கொண்டார்கள். இதற்குள் மாமா மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். "அண்ணே, என் கேள்வி?" என்று கெஞ்சினேன். முதலாமவர் கொஞ்சம் இரக்கப்பட்டார்: "மொதல்ல எல்லாத்தையும் வேற மொழியில எழுதிட்டு வாங்க தம்பி, அப்புறம் பேசலாம்."

தங்கா பத்து அக்கா

அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்த தேவி அக்கா தனியாக மெசேஜ் அனுப்பினார். இவ்வளவு தேடியதற்கு, ஆள் இருந்தது பக்கத்து ஊரான தங்கா பத்துவில். தன் சின்னக் குழுவில் என்னைச் சேர்த்து, எழுதியதைக் காட்டச் சொன்னார். நமக்கு ஞாயிறு பிறக்கும்போது வெப்சைட் ஓடும் வெளிநாட்டு சர்வருக்கு இன்னும் சனிக்கிழமை சாயங்காலம். அந்தக் கணக்கை நான் மாற்றாமல் விட்டிருந்தேன். திருத்தியதும் தேதி ஒழுங்காக ஏறியது. நன்றி சொன்னேன். அக்கா விடவில்லை: "கல்யாணம் நியாலாஸ்ல நடக்குது, கடிகாரம் வெளிநாட்டுல ஓடுது. அத யாரு மாத்துவா, ஐயரா?"

பெண்ணின் அம்மா

வெப்சைட் சரியானது. கல்யாணம் சரியாகவில்லை. நானும் மாமாவும் வெப்சைட்டில் பதிந்த பெண் வீட்டுக்குப் போனோம். பெண்ணின் அம்மா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நெடுநேரம் பேசிய பிறகு, தாலி கட்டு கோயிலில், மற்ற வீட்டார் காலி செய்ததும் விருந்து அன்றைக்கே இரவு மண்டபத்தில் என்று ஒப்புக்கொண்டார்கள். கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார்: "விருந்துக்கு நீயும் வா தம்பி. ஆனா எந்த நாளுன்னு எங்கள கேட்டுட்டு வா."

ஆகவே, ஆன்லைனில் நம் கூட்டத்தைத் தேடும் நண்பர்களே, ஒரு குழுவில் எத்தனை பேர் என்று பார்க்காமல் கடைசியாக யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்று பாருங்கள், அநேகமாக அந்தப் பதில் உங்களுக்கு முன்னால் கேட்டவன் வாங்கிய திட்டாகத்தான் இருக்கும்.